பச்சைச் சீட்டு இல்லாத பெட்டி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் கொண்டுபோய்க் கொடுத்த காப்பியை இவர் உடனே குடிக்கவில்லை. டம்ளரைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்து, அடியில் ஒட்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். காப்பியில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து அம்மா கதவுக்குப் பின்னால் என் கையைக் கிள்ளினாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலையாம். தெரிந்த பிறகும் கழுத்தை நீட்டியவள் நான், யாரைக் குறை சொல்ல?

இவர் பெயர் பூபாலன். மற்றவர்கள் செய்து கொண்டுவந்து வைக்கிற உருப்படிகளை அளந்து, தட்டி, உருட்டிப் பார்த்து, அதில் ஒரு சீட்டைக் கட்டுவதுதான் முப்பத்து நாலு வருஷமாக இவருக்கு வேலை. பச்சைச் சீட்டு என்றால் தேறியது. சிவப்பு என்றால் தேறாதது. மஞ்சள் என்றால் ஹோல்டு, இன்னும் முடிவாகவில்லை, ஓரமாக வை என்று அர்த்தம். வேலையை வேலை செய்யும் இடத்தில் விட்டுவிட்டு வரும் மனிதர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் ஆவடி மார்க்கெட்டில் ஒரு அச்சகத்தில் சொல்லி, மூன்று நிறத்திலும் வீட்டுக்கென்று தனியாகச் சீட்டு அடித்து வைத்துக்கொண்டார். செய்தவர், சோதித்தவர், தேதி என்று மூன்று கட்டம்.

குக்கர் கைப்பிடி ஆடினால் சிவப்பு. மழைக்காலத்தில் இறுக்கிக்கொள்ளும் குளியலறைக் கதவுக்கு மஞ்சள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, புதிதாக வாங்கிய இட்லிப் பானையைக் காட்ட எடுத்து வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி, அதன் காதில் சிவப்புச் சீட்டோடு திரும்பிப் போனாள். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. என் சாம்பாருக்குச் சீட்டுக் கட்ட இடமில்லாததால் தப்பித்தேன்.

எங்கள் ஒரே மகள் ஸ்வாதி, தன்னோடு வேலை பார்க்கும் ஜெகதீஷ் என்ற திண்டுக்கல் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இவர் போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வந்தார். நல்லவன் என்றும் சொல்லவில்லை, கெட்டவன் என்றும் சொல்லவில்லை. ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, ஜெகதீஷின் பெயரை எழுதி, பீரோவில் என் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கல்யாணம் நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது, சீட்டு அங்கேயேதான் இருந்தது. ஸ்வாதி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கல்யாணமான முதல் மாதமே அதைத் தன் புருஷனிடம் உளறியும் விட்டாள். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார் என்றாள். அதிலிருந்து மாப்பிள்ளை வரும்போதெல்லாம் நான் பீரோ பக்கம் போவதில்லை.

இப்படி ஊரார் வேலையில் எல்லாம் குறை கண்ட மனிதர், தன் கையால் முழுதாகச் செய்த பொருள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. ஸ்வாதி தவழ ஆரம்பித்த வருஷம், லீவு நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து, மூக்கில் புகை ஏற ஈயம் பற்றவைத்துச் செய்தார். ரெக்கார்டு பிளேயரிலிருந்து வரும் சன்னச் சத்தத்தை வாங்கி, பெரிதாக்கி, இரண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. ரெக்கார்டைத் தவிர வேறெதையும் அது பாடாது. அறுபது ரெக்கார்டு வைத்திருக்கிறார், எல்லாம் பழைய பாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி பாடும், நான் கீரை ஆய்வேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் குறை கண்டுபிடிக்காத நேரம் அது ஒன்றுதான். அதனாலேயே எனக்கும் அந்தப் பெட்டியைப் பிடிக்கும்.

அந்தப் பெட்டியில் மட்டும் சீட்டே கிடையாது. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். செய்தவன் தன் உருப்படிக்குத் தானே பாஸ் போடக் கூடாது, அதுதான் முதல் விதி என்றார். சோதித்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடத் தகுந்த ஆள் இவர் கண்ணுக்கு யாரும் படவில்லை போலிருக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு, அது எனக்கு மட்டும். ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கும் மிக்ஸி, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். பெட்டிக்கு முன்பக்கம் வைக்கக் கூடாது, பெயின்ட் கெட்டுவிடும் என்பது இவர் உத்தரவு. பின்னால் எங்கேயாவது வைத்துக்கொள் என்பார். சாமிக்கு வைக்கும் பொட்டை முதுகில் வைக்கச் சொல்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்ன செய்வது? வருஷா வருஷம் முதுகில், ஒரு பித்தளைத் திருகுக்குப் பக்கத்தில் வைத்து வந்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஆவடிப் பக்கம் சேக்காட்டில் வாங்கிப் போட்டிருந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சிய அன்று சாமான்கள் பாதி மூட்டையாகவே கிடந்தன. நான் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்து, கைக்கு எட்டியதற்கெல்லாம் பொட்டு வைத்தேன். பெட்டிக்கும் வழக்கம்போல முதுகில் வைத்தேன். சாப்பாடு முடிந்ததும் இவர் பிளேயரையும் பெட்டியையும் இணைத்து, ஸ்விட்சைப் போட்டார்.

ம்ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது.

பாட்டு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பாட்டுக்கு அடியில் அந்த ம்ம்ம்மும் கூடவே வந்தது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இவர் முகம் மட்டும் செத்துப்போய்விட்டது.

மறுநாள் காலையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் ‘இரைச்சல் விசாரணை’ என்று எழுதினார். பெட்டியில் மஞ்சள் சீட்டுக் கட்டினார். விசாரணையில் இருக்கும் உருப்படியை யாரும் துடைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது என்று எனக்கு உத்தரவு. முதலில் என் ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தார். பால் திரிந்தது, இரைச்சல் போகவில்லை. டியூப் லைட்டை நிறுத்தினார், ஃபேனை நிறுத்தினார், பூஜை மாடத்தில் எரிகிற சின்ன பல்பைக்கூடக் கழற்றினார். வேர்க்க விறுவிறுக்க இருட்டில் உட்கார்ந்து ரெண்டு பேரும் அந்த ம்ம்ம்மைக் கேட்டோம். ஒன்றை நிறுத்தினால் ஒரு வரி எழுதுவார். நிறுத்தியதைத் திரும்பப் போடவேண்டும் என்ற ஞாபகம் மட்டும் வராது.

பிளேயரிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு சன்ன ஒயர் வந்து, பெட்டி முதுகில் இருக்கும் அந்தப் பித்தளைத் திருகில் மாட்டியிருக்கும். ரெண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிற எர்த் ஒயர் அது, சரியாகப் பிடிக்காவிட்டால் இரைச்சல் வரும் என்று இவரே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தார். அதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வரவில்லை. “என் கையால முறுக்கினது. அசையுமா?” என்றார். நோட்டில் அந்த வரிக்கு நேராக ஒரு டிக் அடித்தார். அடுத்தவன் முறுக்கியிருந்தால் கழற்றிப் பார்த்திருப்பார்.

வீட்டுக்குள் குற்றவாளி கிடைக்காததால் விசாரணை வெளியே போனது. மேல் வீட்டு வசந்தகுமாரி, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். உடம்பைக் குறைக்க ஓடும் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். இவர் நோட்டோடு போய், அவள் ஓடும் நேரத்தையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் ஓடாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். அவளுக்கு அதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். மெஷினில் ஒரு சிவப்புச் சீட்டையும் கட்டிவிட்டு வந்தார். இரைச்சல் போகவில்லை, அவளும் அதற்குப் பிறகு ஓடவில்லை. இன்றைக்கும் அதில் புடவைதான் காய்கிறது. யாராவது கேட்டால், கீழ் வீட்டு அங்கிள் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்கிறாளாம்.

பிறகு எலக்ட்ரீஷியன் பாபுவைக் கூப்பிட்டார். பாபு இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஆள், நாற்பது வயசிருக்கும். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். எல்லா ஸ்விட்ச் போர்டையும் திறந்து பார்த்துவிட்டு, “இன்னா சார், ஊட்ல ஒயரிங் எல்லாம் கரெக்டாத்தான் கீது. பொட்டிதான் வயசாயி மொனகுது. நமக்கே முட்டி வலிக்குதே, அதுக்கு வலிக்காதா?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. பாபு வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் பையில் ஒரு மஞ்சள் சீட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை கொட்டியது. தெருவெல்லாம் தண்ணீர், வீடெல்லாம் ஈரம், அப்பளம்கூட நமுத்துப்போனது. அந்த நாலு நாளும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. இவர் துள்ளிக் குதிக்காத குறை. ‘மழை நாளில் குறைவு’ என்று நோட்டில் எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டார். நனைந்தால் குறைகிறது என்றால் கட்டடத்தின் எர்த் ஒயர் மண்ணில் இறங்குகிற எர்த் குழி காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் ரெண்டு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழியில் ஊற்றுவார். உப்பு போடுவார், கரி போடுவார். வெயில் காலத்தில் தண்ணீர் லாரி வரவில்லை என்று ஃப்ளாட்டே அலறிக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் மண்ணைக் குளிப்பாட்டுவதைப் பார்த்துவிட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான்தான் காப்பி கொடுத்து, ஏதேதோ சொல்லி அனுப்பினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பக்கெட்டை எடுத்து இவர் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும்.

பிளேயர் மேல் கையை வைத்தால் சத்தம் கொஞ்சம் அடங்கும், எடுத்தால் ஏறும் என்பதையும் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். அதனால் ஒரு பாட்டு முடியும் வரைக்கும் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நிற்பார். இந்த ஆவணி மாதம் ஸ்வாதியும் ஜெகதீஷும் ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்திருந்தார்கள். ஜெகதீஷ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன அத்தை, மாமா சத்தியம் பண்ணிக்கிட்டே பாட்டு கேக்கறாரு?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் இவர் காது இன்ஸ்பெக்டர் காது.

சாப்பிடும்போது பேச்சு அங்கேயே போய் நின்றது. சுவரில் மாட்டும் சவுண்ட்பார் ஒன்று வாங்கித் தருகிறோம், ஒயரே வேண்டாம், போனிலிருந்தே பாடும் என்று ஸ்வாதி சொன்னாள். அதை மாட்டப் பெட்டி இருக்கும் இடம்தான் தோது. நானும் போதாத வேளை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அதுவும் நல்லதுதான், ரெண்டு வருஷமாக இந்த முனகலைக் கேட்டு என் மண்டை காய்ந்துவிட்டது என்றேன். இவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நிமிராமல் சொன்னார். “ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன். போகலைன்னா நானே ரிஜெக்ட் போட்டுடறேன்.”

அவர்கள் போன பிறகு தையல் ஊசி தேடி மேஜை டிராயரைத் திறந்தேன். மேலேயே ஒரு சிவப்புச் சீட்டு இருந்தது. செய்தவர் பூபாலன். சோதித்தவர் பூபாலன். தேதி மட்டும் எழுதவில்லை. பாஸ் போடத்தான் கூடாது, ரிஜெக்ட் போடலாம் போலிருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் சாமானை ஒதுக்கிய கை, தான் செய்த ஒரே சாமானையும் ஒதுக்கிவிட்டால் அதற்கப்புறம் இந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கும்? பேசிய என் வாயில்தான் சூடு போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டிராயரைச் சத்தமில்லாமல் மூடினேன்.

அதற்குப் பிறகு இவர் யாரோடும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. காலையில் குழிக்குத் தண்ணீர், சாயங்காலம் நோட்டு, அவ்வளவுதான். ஒரு நாள் நான் உப்பே போடாமல் குழம்பு வைத்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பொரியும் பூசணிக்காயும் வாங்க ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடி மார்க்கெட்டுக்குப் போனார். நான் சாமான்களைத் துடைக்க உட்கார்ந்தேன். மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் ஆயிற்று. பெட்டி மட்டும் மஞ்சள் சீட்டோடு, ரெண்டு வருஷத் தூசியோடு நின்றது. நாளைக்கு இதற்குக் கடைசிப் பூஜை, அழுக்கோடவா அனுப்புவது? விசாரணையாவது மண்ணாவது என்று முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டேன், அவ்வளவு கூடத் தெரியாதவள் இல்லை. முன்பக்கம் துணியிலேயே போய்விட்டது. முதுகைத் திருப்பினால், அந்தத் திருகைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து அடை மாதிரி அப்பிக்கிடந்தது. பால் காய்ச்சிய அன்று வைத்தது, அதன் மேல் போன ஆயுத பூஜைக்கு வைத்தது. கடையில் டப்பாவில் விற்கிற வாசனைச் சந்தனம், காய்ந்தால் சிமென்ட்தான். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. திருகையே கழற்றினேன். திருகின் மரைக்குள், அது போகும் ஓட்டைக்குள், பச்சை ஒயரின் கொக்கியில், எங்கே பார்த்தாலும் சந்தனம். திருகையும் கொக்கியையும் புளி போட்டுப் பித்தளை விளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்து, கழுவி, துடைத்தேன். ஓட்டையையும் அதைச் சுற்றி இருந்த தகட்டையும் ஊக்கால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டேன். பிறகு எப்படி இருந்ததோ அப்படியே ஒயரை வைத்துத் திருகை முறுக்கினேன். நல்லா இறுக்கமாகத்தான் முறுக்கினேன்.

தண்ணீர் எதுவும் உள்ளே போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம். பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை.

காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. ரெண்டு வருஷமாக முனகிக்கொண்டாவது இருந்த பெட்டியை ஒரே துடைப்பில் நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். ரெக்கார்டு போட்டுப் பார்க்கலாம் என்றால், முள்ளைத் தொட்டு வைக்க இந்த வீட்டில் இவருக்கு மட்டும்தான் உரிமை. ஸ்விட்சை அணைத்துவிட்டு, சமையல்கட்டில் போய்ச் சுண்டலுக்குக் கடலை பொறுக்க உட்கார்ந்தேன். நல்ல கடலையை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இவர் வந்தார். பூசணிக்காயை இறக்கி வைத்தார். நேராகப் பெட்டிக்குத்தான் போனார், கடைசி நாள் இல்லையா? ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் கடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு முள் ரெக்கார்டில் இறங்கும் கரகரப்பு கேட்டது. வயலின் வந்தது. அதன் பிறகு பாட்டு வந்தது. பாட்டு மட்டும்தான் வந்தது.

“லோகு, இங்க வா” என்றார். போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு கையும் மடியில் இருந்தன. கண்ணை மூடியிருந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன், பாட்டு முடியட்டும் என்று கையைக் காட்டினார். பாட்டு முடிந்ததும் எழுந்து, கரி வேலை செய்துவிட்டது, நேற்றுப் போட்ட கரிதான், குழி இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் பேசினார். நோட்டில் எழுதினார். கீழே ஓடிப்போய் எர்த் குழி மூடியில் ஒரு பச்சைச் சீட்டைக் கட்டிவிட்டு வந்தார். இத்தனை சந்தோஷமாக இருக்கும் மனிதரிடம் புளியையும் ஊக்கையும் பற்றி என்னவென்று சொல்வது? கெட்டதும் என்னால், சரியானதும் என்னால் என்றால் இந்த ரெண்டு வருஷமும் என்ன ஆவது? வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்வாதியும் ஜெகதீஷும் சவுண்ட்பார் இருந்த நீளமான அட்டைப் பெட்டியோடு வந்தார்கள். அதைச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். இவர் தன் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டு, அவர்களை உட்கார வைத்தார். ஜெகதீஷ் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஆன் பண்ணியிருக்கீங்களா மாமா?” என்றார். இவர் அதற்காகத்தான் ரெண்டு வருஷம் காத்திருந்த மாதிரி முள்ளை இறக்கினார்.

பாட்டு முடிந்ததும் உள்ளே போய் ஒரு பச்சைச் சீட்டையும் பேனாவையும் எடுத்து வந்தார். செய்தவர் கட்டத்தில் பூபாலன் என்று எழுதியிருந்தது. என்னிடம் நீட்டினார்.

“இதுல கையெழுத்துப் போடு, லோகு.”

“நானா?”

“செஞ்சவன் நான், நான் போடக் கூடாது. இருபத்தேழு வருஷமா இதைக் கேட்ட ஆளு நீ ஒருத்திதான். உனக்குத் தெரியாததா?”

டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்த மனிதர், என்னிடம் கையெழுத்துக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். பேனாவை வாங்கிச் சீட்டின் மேலேயும் வைத்துவிட்டேன். எழுத மட்டும் கை வரவில்லை. இத்தனை வருஷமாக இவர் விதியைக் கேட்டுக் கேட்டு அது எனக்கும் ஊறிப்போயிருக்கிறது, என்ன செய்ய?

“நான் போடக் கூடாதுங்க” என்றேன். “நானும் அதுல வேலை பாத்திருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பால் காய்ச்சிய அன்று, வீடு மாற்றக் கழற்றிய திருகு தனியாகக் கிடந்ததும், வெறும் ஓட்டையின் மேலேயே ஈரச் சந்தனத்தை அப்பியதும், இவர் பிறகு அதற்குள்ளேயே திருகை முறுக்கியதும், நேற்றுப் புளி போட்டுத் தேய்த்ததும். ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் நோட்டை எடுத்துப் புரட்டினார். ‘மழை நாளில் குறைவு’ என்ற பக்கத்தில் நின்றார். அந்த ரெண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சந்தனம் நனைஞ்சிருக்கு” என்றார். “குழி நனையலை. சந்தனம் நனைஞ்சிருக்கு.” பிறகு, “இழுத்துப் பாத்தேனே தவிர கழட்டிப் பாக்கலை” என்றார். “வேற எவனாவது அப்படி டிக் அடிச்சிருந்தா கிழிச்சிருப்பேன்.”

கோபம் வரும் என்று நின்றிருந்தேன். இவர் சீட்டை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்து, பூபாலன் என்று எழுதியிருந்த அதே கட்டத்தில், பக்கத்தில் இடம் பார்த்து, லோகநாயகி என்று எழுதினார். பழுது பார்த்தவரும் செய்தவர் கணக்கில்தான் சேர்த்தி, அதுவும் விதிதான் என்றார். ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் எங்கள் ரெண்டு பேர் பெயரும் சேர்ந்து வந்து நான் பார்த்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், யாருக்குத் தெரிந்தால் என்ன.

இப்போது சோதித்தவர் கட்டம் காலியாக இருந்தது. இவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கடைசியில் பேனாவை மாப்பிள்ளையிடம் நீட்டினார். ஜெகதீஷ் கையைக் கட்டிக்கொண்டார்.

“ஹோல்டுல இருக்கறவன் எப்படி மாமா பாஸ் போடறது?”

ஸ்வாதி என்னைப் பார்த்தாள், நான் பூசணிக்காயைப் பார்த்தேன். இவர் காது மடல் சிவந்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நாலு வருஷத்து மஞ்சள் சீட்டோடு வந்து, அதை எல்லோர் முன்னாலும் ரெண்டாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பச்சைச் சீட்டு ஒன்று புதிதாக எழுதித் தருவாரோ என்று ஜெகதீஷ் எதிர்பார்த்திருக்கலாம். அதெல்லாம் இல்லை. “போடுங்க மாப்பிள்ளை” என்றார், அவ்வளவுதான். மாப்பிள்ளை என்று அவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூப்பிட்டார்.

ஜெகதீஷ் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், முதுகுப் பக்கம் குனிந்து திருகைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பரவாயில்லை, பையன் தேறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

சவுண்ட்பாரை அவர்கள் வீட்டுக்கே திருப்பி எடுத்துப்போய் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் பூஜை நேரம் வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு நான் பெட்டிக்குப் போனேன். பின்னால் வைக்க இனி வழியில்லை. இவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், முன்பக்கத்தில், அந்த மழமழப்பான பெயின்டின் நட்ட நடுவில், நல்ல பெரிய பொட்டாக வைத்தேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு குங்குமச் சிமிழை எடுத்து என்னிடம் நீட்டினார்.